கலவரம் அடங்கிய ஊரில் பெண்களுக்கென்று தனி நீதி எதற்கு?

தாமிரபரணிக் கரையிலுள்ள ஓர் ஊரிலிருந்து பள்ளி ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டு தெருக்களுக்கிடையே நடந்த கலவரம் அடங்கி ஒன்றரை வருடமாகிறது. கோட்டாட்சியர் முன்னிலையில் அமைதிக் கூட்டம் நடந்தது, நிவாரணம் வந்துவிட்டது, வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது. இப்போது ஒரு பெண்கள் அமைப்பு வந்து, ஊர்ப் பெண்களிடம் தனியாகப் பேச வேண்டும் என்கிறது. நீதி எல்லோருக்கும் ஒன்றுதானே, ஆறி வரும் புண்ணை எதற்காகக் கீற வேண்டும் என்பது அவர் கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. பெண்களுக்கு நேர்ந்தது ஊருக்கு நேர்ந்ததிலிருந்து எந்த வகையில் வேறு என்பது ஒன்று. இன்னொன்றை அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை: பெண்கள் பேசினால் அரிவாள் மறுபடியும் வெளியே வந்துவிடுமோ? இந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். இரவில் கதவு தட்டும் சத்தம் கேட்டாலே ஊர் முழுக்க எழுந்து உட்காரும் நாட்களை அனுபவித்தவர்களுக்குத்தான் அந்தப் பயம் வரும்.

நான் திருநெல்வேலி நீதிமன்றங்களில் 26 வருடமாக வழக்கறிஞராக இருக்கிறேன். அதில் பெரும்பகுதி, மக்கள் பி.சி.ஆர். கோர்ட் என்று சொல்லும், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் மீதான வன்கொடுமை வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்றத்தில் கழிந்தது. வெளிநாட்டுத் தீர்ப்புகளைப் படித்துத்தான் அறிவேன். நம் ஊர் விஷயங்களைப் பார்த்து அறிவேன். என்னிடம் வந்த பெண்கள் எல்லோரும் எப்படியோ படியேறி வந்துவிட்டவர்கள். ஏறாதவர்கள் எத்தனையோ பேர். நான் சொல்வதை அந்தக் குறையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கலவரத்துக்குப் பின்னும் போலீசுக்கு அடுத்தபடியாக ஊருக்குள் வருவது ஒரு பட்டியல். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் வீடு வீடாக வந்து எழுதுவார்கள். எரிந்த கூரை, உடைந்த ஓடு, டி.வி. ஒன்று, மோட்டார் சைக்கிள் ஒன்று, ஆடு இரண்டு. முதல் கட்டத்தில் குடும்பத் தலைவர் பெயர், கடைசிக் கட்டத்தில் மதிப்பு. நேர்மையான அலுவலர் எழுதினாலும் இப்படித்தான் இருக்கும். பல வருடங்களுக்கு முன் தென்காசி செல்லும் வழியிலுள்ள ஓர் ஊரில் அப்படியொரு பட்டியலை வாசித்துவிட்டு, ஒரு திண்ணையில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். "உங்களுக்கு எதுவும் விட்டுப்போயிற்றா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஓர் அம்மாள், "எங்கள் சொளகு சும்மா கிடக்கிறதே, அதை எழுதுவார்களா?" என்று கேட்டார்.

விஷயம் இதுதான். அந்த ஊரில் பெண்கள் எல்லோரும் சொளகை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிறவர்கள். இலை, தூள், நூல் கொடுக்கும் பீடிக்கடை அடுத்த தெருவைத் தாண்டி இருந்தது. கலவரத்துக்குப் பிறகு நாலு மாதம் அந்தத் தெரு வழியாக அவர்களால் போக முடியவில்லை. ஆண்கள் வெளியூர் போய்க் கொத்தனார் வேலை பார்த்தார்கள். பெண்களின் வருமானமோ முழுதாக நின்றுபோனது. தன் பெயரில் பாஸ் புத்தகம் வைத்திருந்தவர்களுக்காவது வருங்கால வைப்புநிதிக் கணக்கில் விட்டுப்போன மாதங்கள் தெரியும். பாஸ் இல்லாமல் நாத்தனார் பெயரிலோ பக்கத்து வீட்டுக்காரி பெயரிலோ சுற்றியவர்களுக்கு, வேலை போனது என்று காட்டுவதற்கே ஒரு துண்டுத்தாள் கிடையாது. எரிந்த கூரைக்குப் படம் இருந்தது. வராத கூலிக்கு எதைப் படம் எடுப்பது? அந்தக் கூலியில்தான் சுய உதவிக் குழுக் கடன் கட்டிக்கொண்டிருந்தார்கள். கடன் தவறியது, கம்மல் அடகுக்குப் போனது, ஒரு பெண்ணின் கல்யாணம் தள்ளிப்போனது. இவ்வளவும் சேர்ந்த பிறகும், அரசுத் தாளில் அந்த வீட்டுச் சேதம் "ஓடு 40" என்பதோடு முடிந்துவிட்டது.

உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இந்தத் திண்ணையிலிருந்தே தொடங்குகிறது. நீதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் எது இழப்பு என்று யாரோ ஒருவர் முன்கூட்டியே பட்டியல் போட்டுவிடுகிறார். அந்தப் பட்டியலை யார் போட்டது, யாரைக் கேட்டுப் போட்டது, என்றைக்கு மூடியது என்று விடாமல் கேட்பதைத்தான் நான் பெண்ணியப் பார்வை என்று புரிந்துகொண்டிருக்கிறேன்.

நம் பக்கத்துப் பழைய சம்பவம் ஒன்றையே பாருங்கள். 1995 ஆகஸ்ட் 31 அன்று, அப்போது சிதம்பரனார் மாவட்டம் என்று பெயர் கொண்டிருந்த தூத்துக்குடி மாவட்டத்தில், கொடியங்குளம் கிராமத்துக்குள் நூற்றுக்கணக்கான போலீசார் புகுந்தார்கள். வீடுகளும் பண்டபாத்திரங்களும் நொறுக்கப்பட்டன, கிணற்றில் விஷம் கலக்கப்பட்டது என்று அன்றைய செய்திகளும் மனித உரிமை அறிக்கைகளும் பதிவு செய்தன. விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது, நிவாரணம் அறிவிக்கப்பட்டது. கிணறு கெட்டால் அது பொதுச்சொத்துச் சேதம் என்ற வரியில் அடங்கிவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் குடத்தை எடுத்துக்கொண்டு எவ்வளவு தூரம், யார் நிலத்தைத் தாண்டி, யாருடைய வாய்ச்சொல்லைக் கேட்டு நடந்தார்கள் என்பது எந்த வரியில் வரும்? விசாரணை ஆணையத்துக்கு இன்னொரு வரம்பும் உண்டு. 1952-ஆம் வருடச் சட்டப்படி அமையும் ஆணையம் யாரையும் தண்டிக்க முடியாது. அதன் முடிவு அரசைக் கட்டுப்படுத்தாது. 1999 ஜூலை 23 அன்று கூலிக்காகவும் சிறையிலிருந்த தோழர்களின் விடுதலைக்காகவும் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் ஊர்வலமாக வந்தபோது, திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் போலீஸ் தடியடிக்குப் பின் தாமிரபரணியில் 17 பேர் இறந்தார்கள். பெண்களும் ஒரு குழந்தையும் அதில் அடக்கம். ஒவ்வொரு வருடமும் ஆற்றில் மலர் தூவுகிறோம். அந்த விசாரணையிலும் பெரிய கேள்வி, எப்படி இறந்தார்கள் என்பதாகத்தான் இருந்தது. உயிரோடு மிஞ்சியவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைக் கேட்கும் வேலை எந்த ஆணையத்துக்கும் தரப்படுவதில்லை.

இது நம் அலுவலர்களின் குறை மட்டும் என்று நினைக்க வேண்டாம். நிறவெறி ஆட்சிக் கால மீறல்களை விசாரித்த, உலகம் புகழ்ந்த தென்னாப்பிரிக்க உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையமும் இதே சுவரில்தான் முட்டியது. 1995-இல் வந்த சட்டம் கொலை, கடத்தல், சித்திரவதை, கடுமையான துன்புறுத்தல் ஆகியவற்றையே பெரிய மீறல்களாக எண்ணியது. கறுப்பின மக்கள் எங்கே வாழலாம் என்று கட்டுப்படுத்திய அனுமதிச் சீட்டுச் சட்டங்களால் கணவன் ஒரு நகரிலும் மனைவி வேறொரு மூலையிலும் வாழ்ந்ததோ, வீட்டை இடித்துக் குடும்பத்தை வெற்று நிலத்தில் இறக்கிவிட்டதோ அந்த எண்ணிக்கையில் வரவில்லை. ஆணையத்தின் முன் திரளாக வந்த பெண்கள், தங்கள் கணவருக்கும் மகனுக்கும் நேர்ந்ததைச் சொன்னார்கள். தங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லவில்லை. பெண்ணுரிமைக்காரர்கள் இதை எடுத்துச் சொன்ன பிறகு, கேப் டவுன், டர்பன், ஜோஹன்னஸ்பர்க் நகரங்களில் பெண்களுக்கென்று தனி அமர்வுகள் நடந்தன. அங்கேதான் சிறையில் தங்களுக்கு நேர்ந்தவற்றை அவர்கள் பேசினார்கள். நான் 26 வருடமாகப் பார்ப்பதும் இதையேதான். "உனக்கு என்னம்மா ஆயிற்று?" என்று கேட்டால், "என் பிள்ளையின் கையை வெட்டிவிட்டார்கள்" என்று தொடங்குவாள். தன் தோளில் விழுந்த அடியைச் சொல்ல இரண்டாம் சந்திப்பு வேண்டியிருக்கும், சில சமயம் இரண்டாம் வருடம்.

கேட்பவர் யார் என்பதால் சாட்சியமே மாறும் என்பதற்கு, ருவாண்டா வழக்கைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. 1994-இல் அங்கே லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்ட பிறகு, தான்சானியாவின் அருஷா நகரில் சர்வதேசத் தீர்ப்பாயம் அமைந்தது. டாபா என்ற ஊரின் தலைவர் அக்கயேசு மீது முதலில் போடப்பட்ட குற்றச்சாட்டில் பாலியல் வன்கொடுமை என்ற சொல்லே கிடையாது. விசாரணை நடந்துகொண்டிருக்கும்போது, ஒரு தாய் தன் சிறு மகளுக்கு நேர்ந்ததைத் தானாகவே சொன்னாள். அடுத்த கேள்விக்குத் தாவிவிடாமல் நீதிபதிகள் அங்கேயே நின்று மேலும் கேட்டார்கள். மூன்று நீதிபதிகளில் ஒரே பெண் நவநீதம் பிள்ளை; டர்பனில் ஒரு பஸ் ஓட்டுநரின் மகளாகப் பிறந்த தமிழ் வம்சாவளிப் பெண். அதன் பிறகு 1997 ஜூனில் குற்றச்சாட்டு திருத்தப்பட்டது, புதிய சாட்சிகள் வந்தார்கள். 1998 செப்டம்பர் 2 தீர்ப்பு, பாலியல் வன்கொடுமையும் இனப்படுகொலையின் ஒரு கருவியாகும் என்று முதல்முறையாகச் சொன்னது. குற்றம் 1994-இலேயே நடந்துவிட்டது. அது பட்டியலில் ஏற, ஒரு தாய் கேட்காமலே வாய் திறக்க வேண்டியிருந்தது. நின்று கேட்க ஆள் இருக்க வேண்டியிருந்தது.

சரி, உங்கள் ஊருக்கு வருவோம். அமைதிக் கூட்டம் நடந்தது என்கிறீர்கள். அதில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? நான் பார்த்த கூட்டங்களில் கோட்டாட்சியர், தாசில்தார், டி.எஸ்.பி., இரண்டு பக்கத்து ஊர்த் தலைவர்கள், கட்சிக்காரர்கள் சிலர் இருப்பார்கள். வாசலில் ஜீப் நிற்கும். பெண்கள் யாராவது வந்திருந்தால் ஆலமரத்தடியில் நிற்பார்கள். இனிமேல் பிரச்சினை வராமல் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். எழுதாத நிபந்தனை ஒன்று அதோடு சேர்ந்தே போகும்: "அவரவர் வீட்டுப் பெண்பிள்ளைகளை அவரவர் அடக்கி வைத்துக்கொள்ள வேண்டும்." கலவரத்துக்கு விதை பெரும்பாலும் ஒரு காதல், அல்லது பஸ்ஸில் பின்னால் வந்து நின்ற ஒரு பையன் என்பதால், இது நியாயமான ஏற்பாடாகவே எல்லோருக்கும் தோன்றும். அந்த ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது பதினொன்றாம் வகுப்பில் ஐந்து பெண்கள் குறைந்திருப்பார்கள். அவசர அவசரமாக மாமன் மகனுக்குக் கட்டிக்கொடுத்திருப்பார்கள். நீங்கள் ஆசிரியர், உங்கள் வருகைப் பதிவேட்டில் இதைச் சரிபார்க்கலாம். ஊருக்கு அமைதி கிடைத்தது உண்மை. அதன் விலையைக் கட்டியது அந்த ஐந்து பிள்ளைகள்; அவர்கள் யாரையும் வெட்டவில்லை. ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 2000 அக்டோபரில் நிறைவேற்றிய 1325-ஆம் தீர்மானம், அமைதி பேசும் இடத்தில் பெண்களும் இருக்க வேண்டும் என்கிறது. அதைப் பெரிய போர்களுக்கான விஷயம் என்று நினைக்கிறோம். தாலுகா அலுவலகத்து நாற்காலிக்கும் அதே நியாயம் பொருந்தும் என்பேன்.

இன்னொரு விஷயமும் கூட்டத்தில் பேசப்படுவதில்லை. கலவரம் முடிந்த மறுநாள் ஆண்கள் ஊரைக் காலி செய்துவிடுவார்கள், கைதுக்குப் பயந்து. வாரக்கணக்கில் வீட்டில் பெண்களும் கிழவர்களும் குழந்தைகளும் மட்டும். இரவுத் தேடுதலுக்குக் கதவைத் திறப்பது அவர்கள், மிரட்டலைக் கேட்பது அவர்கள். சூரியன் மறைந்த பின் உதிக்கும் வரை பெண்ணைக் கைது செய்யக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. தவிர்க்க முடியாத நேரத்தில் பெண் அதிகாரியும் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் வேண்டும். நடைமுறையில் அந்த வாரங்களைப் பற்றி எந்த முதல் தகவல் அறிக்கையும் இருக்காது. கலவரம் எத்தனை நாள் நடந்தது என்று ஓர் ஆணைக் கேட்டால் இரண்டு நாள் என்பார். அந்த வீட்டுப் பெண்ணைக் கேளுங்கள், ஆண்கள் திரும்பி வரும் வரை என்பாள்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரையும் வருடத்தையும் தவிர்க்கிறேன். கணவன் வெட்டிக் கொல்லப்பட்டபோது அவளுக்கு வயது 24. வன்கொடுமை விதிகளின்படி நிவாரணத்தில் பாதி பிரேதப் பரிசோதனை முடிந்ததும், மீதி குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும் வர வேண்டும். வந்தது. வந்த அன்றே வாரிசுச் சான்றிதழில் மாமியார் பங்கு எவ்வளவு, அவள் மறுமணம் செய்துகொண்டால் என்ன ஆகும் என்ற பேச்சும் வந்தது. ஆறு வருடம் கழித்து வழக்கு சாட்சிக்கு வரும்போது, இரண்டு ஊர்ப் பெரியவர்களும் ராசியாகிவிட்டார்கள். கொலை வழக்கைச் சட்டப்படி ராசி செய்ய முடியாது. ஆனால் சாட்சிகள் எல்லோரும் "எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டால் ராசியானது போலத்தான். கொழுந்தன் பிறழ்ந்தார், மாமனார் பிறழ்ந்தார், எதிர்த்த வீட்டுக்காரர் பிறழ்ந்தார். அவள் பிறழவில்லை. பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். அன்றிலிருந்து அவள் பெயர் "ஊர் அமைதியைக் கெடுக்க வந்தவள்". குழாயடியில் அவள் குடத்தை யாரும் தொடவில்லை. அத்தனை பெண்களும் அவள் சொந்தக்காரர்கள்.

வழக்கு விடுதலையில் முடிந்தது. ஒரே சாட்சியை வைத்தும் தண்டிக்கலாம் என்பது சட்டம். ஆனால் தெருவிளக்கு எரிந்ததா இல்லையா என்பதில் அவள் சொன்னதும் முதல் தகவல் அறிக்கையும் பொருந்தவில்லை என்று நீதிமன்றம் கருதியது. மேல்முறையீட்டைப் பற்றிப் பேச வந்தவளிடம் நான் பேசிக்கொண்டே இருந்தேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் கூண்டில் நின்று சொன்னதை டைப் அடித்தார்களே, அதில் ஒரு நகல் எனக்குக் கிடைக்குமா?" என்று கேட்டாள். நகல் மனு போட்டு வாங்கிக் கொடுத்தேன். அன்றைக்கு எனக்கு அவள் கேட்டது சரியாகப் புரியவில்லை. நீதியைத் தண்டனையால் மட்டும் அளந்து பழகியிருந்தேன். தான் சொன்னது எங்கேயாவது முத்திரையோடு எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது அவளுக்குத் தண்டனைக்குக் குறைந்த விஷயமாக இல்லை.

அப்படியானால் தண்டனை வேண்டாமா என்றால், வேண்டும், கண்டிப்பாக வேண்டும். தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டைத் தேடல் என்ற பெயரில் வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஊழியர்கள் மலைவாழ் மக்களின் ஊரைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. சரியாக 12 வருடம் கழித்து, 2023-இல் அதே தேதியில், சென்னை உயர்நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து, அந்தப் பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. மொத்தம் 31 வருடம். அந்தப் பெண்கள் தளராததற்கு ஒரு காரணம், ஊர் அவர்களைத் தனியே விடவில்லை. சங்கமும் கட்சியும் பின்னால் நின்றன. அங்கே எதிரி வெளியிலிருந்து வந்த அரசு ஊழியர். நம் ஊர்களில் எதிரி அடுத்த தெரு, சில நேரம் சொந்த வீடு. அந்த வேறுபாட்டை மறந்துவிட்டு, வாச்சாத்தி போல ஏன் எழவில்லை என்று நம் பெண்களைக் கேட்பது அநியாயம்.

தண்டனையும் பட்டியலும் ஒன்றாகச் சேர்ந்த வழக்கு ஒன்று குவாத்தமாலாவில் நடந்தது. 1980-களில் செப்பூர் சார்கோ என்ற இடத்தில், நிலத்துக்குப் பட்டா கேட்ட பழங்குடி ஆண்களை ராணுவம் பிடித்துச் சென்றது. பிறகு அவர்களின் மனைவிகளை முகாமுக்கு முறைவைத்து வரச்சொல்லிச் சமைக்கவும் துவைக்கவும் வைத்தது. பாலியல் வன்கொடுமையும் செய்தது. 2016 பிப்ரவரியில், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்த முதிய பெண்களின் சாட்சியத்தால் இரண்டு பேர் தண்டிக்கப்பட்டார்கள். கட்டாயமாகச் சமைக்கவும் துவைக்கவும் வைத்ததை அந்த நீதிமன்றம் அடிமைத்தனம் என்று பெயர் சொல்லி எழுதியது. இழப்பீடாகப் பள்ளி, மருத்துவ வசதி, நிலப் பிரச்சினைக்குத் தீர்வு என்று ஊர் முழுவதற்குமான ஏற்பாடுகளை உத்தரவிட்டது. பெண்களைக் கேட்டதால் ஊருக்கே கிடைத்தது. தனியாகக் கேட்டால் ஊர் பிளவுபடும் என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

கங்கைகொண்டான் இலங்கைத் தமிழர் முகாமில் சட்ட உதவிக்குப் போகும்போது வேறொரு பாடம் கிடைத்தது. அங்கே பல பெண்களுக்குக் கணவர் இலங்கைப் போரில் காணாமல் போய் வருடங்களாகின்றன. இறப்புச் சான்றிதழ் இருந்தால் ஊரிலுள்ள காணியைப் பற்றிப் பேசலாம், பிள்ளைகளின் காகிதங்களைச் சரிசெய்யலாம். "அவரைச் செத்ததாக நானே எழுதிக் கொடுக்கவா?" என்று ஓர் அக்கா கேட்டார். என்னிடம் பதில் இல்லை. 2016-இல் இலங்கை, இறந்தார் என்று சொல்லாமல் காணவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழைச் சட்டத்தில் கொண்டுவந்தது. காகிதச் சிக்கலுக்கு அது கொஞ்சம் உதவும். 2017 பிப்ரவரி முதல் கிளிநொச்சியில் படங்களை ஏந்தி உட்கார்ந்த தாய்மாரும் மனைவியரும் கேட்டது சான்றிதழை அல்ல. பிள்ளை எங்கே என்று கேட்டார்கள். காசையோ காகிதத்தையோ நீட்டி அந்தக் கேள்வியை மூட முடியாது.

இதுவரை சொன்னவற்றில் எனக்குச் சந்தேகமில்லை. இனிச் சொல்வதில் உண்டு. பேசினால் மனம் ஆறும் என்று பலர் சொல்கிறார்கள். நான் இரண்டையும் பார்த்திருக்கிறேன். பேசிய பிறகு முதல்முறையாக நன்றாகத் தூங்கியவளும் உண்டு. பேசியது கணவன் காதுக்குப் போய் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டவளும் உண்டு. ஆகவே பேச வைப்பதே நல்லது என்று யாராவது உறுதியாகச் சொன்னால் நம்பாதீர்கள். பெண்கள் இயல்பாகவே சமாதானக்காரர்கள் என்பதையும் நான் ஏற்கவில்லை. முந்தானையில் கல் கட்டிக்கொண்டு போனவர்களை அறிவேன். இழவு வீட்டு ஒப்பாரியில் எதிரியின் பெயரைச் சொல்லிச் சொல்லி, வளர்ந்த மகனுக்குக் கேட்கும்படி பாடும் தாயையும் அறிவேன். அந்த ஒப்பாரி ஒரு சாட்சியம். அதே மூச்சில் அது பழிக்கான அழைப்பும்கூட. எல்லாப் பெண்களின் துயரமும் ஒன்று என்பதும் சரியல்ல. தாக்கிய தெருவின் பெண்ணும் வீட்டில் அடைபட்டுத்தான் கிடந்தாள். ஆனால் தாக்கப்பட்ட தெருவின் பெண் அவள் வயலில் களையெடுக்கப் போகிறவள், அவளிடம் கூலி வாங்குகிறவள். சாதியை விட்டுவிட்டுப் பெண் என்று மட்டும் பேசினால், பேசுகிறவள் எப்போதும் தாக்கிய தெருக்காரியாகவே இருப்பாள். பெண்ணியவாதிகளுக்குள்ளேயே இன்னொரு சச்சரவும் உண்டு. பாலியல் வன்கொடுமையை மட்டும் தேடிப் போய்க் கேட்பதால், பெண் என்றாலே கெடுக்கப்பட்ட உடல் என்றாகிவிடுகிறது, பீடிக்கூலியும் பட்டாவும் மறைந்துவிடுகின்றன என்பது ஒரு தரப்பு. கேட்காவிட்டால் அந்தக் குற்றம் என்றைக்கும் வெளியே வராது என்பது இன்னொரு தரப்பு. நான் முதல் தரப்பின் பக்கம் சாய்கிறேன். ஆனால் ருவாண்டாவை நினைக்கும்போது தயங்குகிறேன்.

நம் பகுதியில் ஒவ்வொரு குளத்தங்கரையிலும் இசக்கி இருக்கிறாள். வஞ்சிக்கப்பட்டு இறந்த பெண்ணைத் தெய்வமாக்கி, கோயில் கொடை விழாதோறும் அவள் கதையை வில்லுப்பாட்டாகப் பாடி, ஊரே உட்கார்ந்து கேட்கிற வழக்கம் நம்முடையது. நடந்த அநியாயத்தை ஊர் அறிய வருடாவருடம் சொல்ல வேண்டும் என்பது நம் மண்ணுக்குப் புதிதே அல்ல. என் வருத்தம் இதுதான்: செத்தவளுக்குக் கோயில் கட்டுகிற ஊர், உயிரோடிருப்பவள் அதே கதையைச் சொன்னால் வாயை மூடச் சொல்கிறது.

ஆகவே அந்தப் பெண்கள் அமைப்பை வரவிடுங்கள், ஆனால் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வரவிடுங்கள். கேட்டதை வைத்து என்ன செய்யப் போகிறார்கள் என்று முதலிலேயே பெண்களிடம் சொல்ல வேண்டும். அறிக்கை எழுதவா, வழக்குக்கு உதவவா, ஆட்சியரிடம் மனு கொடுக்கவா என்பது தெளிவாக இருக்க வேண்டும். பாலியல் குற்றத்துக்கு ஆளானவளின் அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டமே தடுக்கிறது. செல்போனில் படம் எடுத்துப் போடுகிறவர்களை அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள். வழக்கு நடப்பதால், சாட்சியாக இருக்கும் பெண்கள் தங்கள் வழக்கறிஞரைக் கேட்டுக்கொண்டு பேசட்டும். இரண்டு இடத்தில் இரண்டு விதமாக எழுதப்பட்டால் குறுக்கு விசாரணையில் அதுதான் முதலில் எடுக்கப்படும். 2016 முதல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 15-ஏ என்ற பிரிவு இருக்கிறது. பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பு, பயணச் செலவு, ஜாமீன் விசாரணையில் தங்கள் பேச்சைச் சொல்லும் உரிமை ஆகியவை அதில் உண்டு. பெரும்பாலான பெண்களுக்கு இது தெரியாது. வருகிறவர்கள் கேட்க மட்டும் வராமல் இதையும் சொல்லிவிட்டுப் போகட்டும். இரண்டு தெருப் பெண்களையும் ஒரே நாளில் ஒரே கூடத்தில் உட்கார வைக்கும் ஆசை அவர்களுக்கு இருக்கும். வேண்டாம், இப்போதைக்கு அவரவர் தெருவிலேயே பேசட்டும். பேச விரும்பாதவளை யாரும் இரண்டாம் முறை கேட்க வேண்டாம்.

கூட்டத்தை உங்கள் பள்ளிக்கூடத்தில் வைக்காதீர்கள்; பெரியவர்கள் எட்டிப் பார்க்கும் இடம் அது. யாராவது ஒரு வீட்டின் பின்கட்டு போதும். காலையில் வருகிறோம் என்று அவர்கள் சொல்வார்கள், பஸ் வசதிக்காக. பெண்கள் பீடியைக் கடையில் போட்டுவிட்டுத் திரும்பும் நேரத்தைக் கேட்டு, அதற்குப் பிறகு வரச்சொல்லுங்கள்.